காலி ஓட்டத்துக்கு யார் கூலி தருவது?

சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் பலருக்கு நினைவிருக்கும்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதே பட்டியலில் அதிகம் பேசப்படாத வரி ஒன்றும் உண்டு. காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு, அதாவது மணிக்கு 42 ரூபாய். அதுவும் பயணி ஏறிய பிறகு வண்டி நிற்க நேர்ந்தால்தான். பயணி வருவதற்கு முன் ஸ்டாண்டில் கழிந்த நேரத்துக்கும், சவாரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய தூரத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆட்டோவுக்குச் சொன்ன இந்தக் கணக்கு இன்று செயலி வழியே ஓடும் கார்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. கால் டாக்ஸி ஓட்டுநர்கள் ஒவ்வொரு முறை வேலைநிறுத்தம் செய்யும்போதும் கமிஷன், கட்டண உயர்வு, ஐடி முடக்கம், பைக் டாக்ஸி, சொந்த உபயோக வண்டிகளின் போட்டி என்று கோரிக்கைப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் நியாயமான குறைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வண்டி காலியாக நிற்கும் நேரத்தின் செலவையும் காலியாக ஓடும் தூரத்தின் செலவையும் யார் சுமப்பது? ஓட்டுநர் சங்கங்கள் இந்தக் கேள்வியை நடுவில் வைத்துத் திரள வேண்டும் என்பதும், இதற்கு விடை சொல்லாத எந்தச் சீர்திருத்தமும் ஓட்டுநரின் வீட்டு அடுப்பு வரை போய்ச் சேராது என்பதும் என் உறுதியான கருத்து.

கார் ஓட்டிப் பிழைப்பவரின் செலவுக் கணக்கைப் பார்த்தால் சுமையின் அளவு புரியும். மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், சாலை வரி எதுவும் சவாரி கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வருவதில்லை. எரிபொருளும் டயரும் ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தீர்கின்றன. பின் இருக்கையில் ஆள் இருந்தாரா என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. வேளச்சேரியில் ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றத் துரைப்பாக்கம் வரை காலியாகப் போனாலும் அதே பெட்ரோல்தான் எரிகிறது. இந்த இடத்தில்தான் செயலி நிறுவனங்களின் தொழில்முறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவை பயணிக்கு விற்கும் முதன்மையான வசதி, கேட்ட மூன்று நான்கு நிமிடங்களில் வண்டி வாசலுக்கு வரும் என்பது. அப்படி வர வேண்டுமானால் நகரின் ஒவ்வொரு மூலையிலும் எந்நேரமும் சில வண்டிகள் சும்மா நின்றுகொண்டிருக்க வேண்டும். ஆக, பயணி அனுபவிக்கும் வேகம் ஓட்டுநர் வெறுமனே காத்திருந்த நேரத்திலிருந்து உருவாகிறது. உள்ளே வரும் வண்டிகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பயணியின் காத்திருப்பு குறையும், நிறுவனத்தின் பெயர் ஓங்கும், ஓட்டுநர் ஒவ்வொருவரின் சவாரி எண்ணிக்கை மட்டும் சரியும். இதற்கு யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை. காத்திருப்புக்கு விலை வைக்கப்படாத இடத்தில் அதை அளவில்லாமல் செலவழிப்பது எந்த வணிகத்துக்கும் இயல்பு.

இந்தியாவில் இது எப்படி நடந்தது என்பதை நாம் கண்முன் பார்த்தோம். ஓலாவும் ஊபரும் தொடக்க ஆண்டுகளில் ஊக்கத்தொகையை வாரி வழங்கின. அந்த வருமானத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் கடன் வாங்கிக் கார் எடுத்தார்கள். வண்டிகள் பெருகிய பிறகு ஊக்கத்தொகை சுருங்கியது, டியூ சுருங்கவில்லை. 2017 தொடக்கத்தில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஓட்டுநர்கள் நாள் கணக்கில் வண்டியை நிறுத்திப் போராடியது இந்த இடைவெளியில்தான். அதன்பின் கோபமெல்லாம் கமிஷன் மீது குவிந்தது. பயணி கொடுத்த நூறு ரூபாயில் இருபதோ இருபத்தைந்தோ கண்ணெதிரே பிடித்தம் ஆகும்போது அது இயல்புதான். பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர் சங்கம் 2022 நவம்பரில் ஒரு மென்பொருள் நிறுவனத்துடன் சேர்ந்து ‘நம்ம யாத்ரி’ செயலியைக் கொண்டுவந்தது. கமிஷனுக்குப் பதிலாகப் பின்னர் அதில் வந்தது ஒரு நாளுக்கு 25 ரூபாய்ச் சந்தா. ராபிடோ 2024இல் ஆட்டோக்களுக்கும், ஊபர் 2025 பிப்ரவரியில் தன் ஆட்டோ சேவைக்கும், ஓலா 2025 ஜூனில் நாடு முழுவதும் அதே வழிக்கு வந்தன. கேரள அரசு 2022இல் தானே ‘கேரள சவாரி’ என்ற செயலியைத் தொடங்கியது. பெருநிறுவனங்களின் வருமான முறையையே ஓட்டுநர்கள் மாற்ற வைத்தார்கள் என்பது சாதாரண வெற்றியில்லை. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனாலும் அந்த வெற்றிக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. சங்கங்கள் அதைப் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. கமிஷன் முறையில் வண்டி காலியாக நின்றால் நிறுவனத்துக்கும் வருமானம் இல்லை. ஓட்டுநருக்குச் சவாரி கிடைப்பதில் அதற்கு ஓரளவாவது அக்கறை இருந்தே தீரும். தினச் சந்தா முறையில் அந்த மெல்லிய இழையும் அறுந்துவிடுகிறது. சவாரி பத்து வந்தாலும் இரண்டு வந்தாலும் சந்தா சந்தாதான். ஐயாயிரம் பேர் ஓட வேண்டிய இடத்தில் பத்தாயிரம் பேரைச் சேர்த்தால் நிறுவனத்துக்கு இரட்டை வருமானம், ஓட்டுநருக்குப் பாதிச் சவாரி. சட்டத்தின் பக்கம் விளைவு இன்னும் பெரிது. மத்திய அரசின் செயலி நிறுவன வழிகாட்டுதல்கள், சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்கின்றன. கட்டணம் முழுவதும் ஓட்டுநர் கைக்கே நேராகப் போகும் முறையில் அந்த விதி காவல் காக்க எதுவும் மிஞ்சவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அது தொழிலாளர்களுக்கு நிறுவனம் வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது. நாங்கள் ஓட்டுநருக்கு எதுவும் வழங்குவதில்லை, அவர்தான் மென்பொருளுக்கு எங்களுக்குப் பணம் தருகிறார் என்று நிறுவனம் வாதாடினால், சுழியத்தில் ஐந்து சதவீதம் எவ்வளவு? சட்டத்தை எழுதியவர்கள் கமிஷன் முறையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். தொழில் அதற்குள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

காலி நேரத்துக்கு விலை வைக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. அந்நகரில் வாடகை வண்டிகளின் எண்ணிக்கை 2015இல் சுமார் 63,000 ஆக இருந்தது. மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வருமானம் சரிந்து, கடன் முற்றி, 2018இல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நகரின் டாக்ஸி ஆணையம் பொருளாதார அறிஞர்கள் ஜேம்ஸ் பேரட், மைக்கேல் ரைக் இருவரிடமும் ஆய்வு கேட்டது. செலவு போக மணிக்கு 17.22 டாலர் என்று அவர்கள் முன்வைத்த குறைந்தபட்சத்தைச் செயலி ஓட்டுநர்களில் 85 சதவீதம் பேர் எட்டவில்லை என்பது ஆய்வில் தெரிந்தது. 2019 பிப்ரவரியில் ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. அதன் நுட்பம் தொகையில் இல்லை, வகுத்தலில் இருக்கிறது. வண்டிகள் சராசரியாக 58 சதவீத நேரம்தான் பயணியுடன் ஓடுகின்றன, அதாவது ஒரு மணி நேரத்தில் சுமார் 35 நிமிடம்தான் என்று கண்டறிந்தார்கள். பிறகு, ஒவ்வொரு சவாரிக்கும் தூரத்துக்கும் நேரத்துக்கும் உரிய தொகையை 0.58ஆல் வகுத்துத் தர வேண்டும் என்று விதித்தார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒரு கிலோமீட்டர் ஓட்ட 10 ரூபாய் செலவாகும் என்றால் ஓட்டுநருக்கு அதற்காக 17 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். கூடுதல் ஏழு ரூபாய் அவர் காலியாக ஓடிய தூரத்துக்கான ஈடு. நிறுவனம் வண்டிகளைத் தேவைக்கு மேல் குவித்தால் 58 என்பது 50 ஆகும், கொடுக்க வேண்டிய தொகை கூடும். சும்மா நிற்கும் வண்டிக்கு முதன்முறையாக நிறுவனத்தின் பக்கத்தில் செலவு எழுதப்பட்டது.

இந்த விதி யாருடைய தயவிலும் வந்ததில்லை. நியூயார்க் டாக்ஸி தொழிலாளர் கூட்டணி 1998இல் உருவானது. குஜராத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பைரவி தேசாய் அதன் நிறுவனர்களில் ஒருவர். அந்த ஆண்டு மே 13 அன்று அவர்கள் அழைத்த வேலைநிறுத்தத்தில் நகரின் மஞ்சள் டாக்ஸிகள் பெரும்பாலும் ஓடவில்லை. ஸ்டியரிங் பிடித்தவர்களில் பெரும்பகுதி பாகிஸ்தான், வங்கதேசம், பஞ்சாப் என்று தெற்காசியாவிலிருந்து வந்தவர்கள். அமெரிக்கச் சட்டப்படி அவர்கள் தொழிலாளர்களே இல்லை, தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். 1979இல் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டும் முறை அனுமதிக்கப்பட்ட பிறகு, பழைய கமிஷன் கூலிக்காரர்கள் ஷிப்டுக்கு வாடகை கட்டும் ‘சுயதொழிலாளர்’ ஆகிவிட்டிருந்தார்கள். எந்த முதலாளியும் அவர்களுடன் பேச்சுவார்த்தை நடத்தக் கடமைப்பட்டிருக்கவில்லை. சங்கம் அதனால் கட்டணத்தையும் வாடகை வரம்பையும் தீர்மானிக்கும் நகர ஆணையத்தை நோக்கித் திரும்பியது. பொது விசாரணைகளில் ஓட்டுநர்களைப் பேச வைத்தது, கணக்கு வழக்குகளைக் கொண்டுபோய் வைத்தது. 2011இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சட்டம் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்ளாதவர்களின் அமைப்பான அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. வென்ற பிறகும் காவல் தேவைப்பட்டது. 2024இல் செயலி நிறுவனங்கள் ஓட்டுநர்களை நடுவேலையில் செயலியிலிருந்து வெளியே தள்ளத் தொடங்கின. வெளியே இருப்பவரின் காத்திருப்பு கணக்கில் ஏறாது அல்லவா. சங்கம் மறுபடி தெருவுக்கு வந்தது, அடுத்த ஆண்டே ஆணையம் இந்த வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்த விதியைத் திருத்தியது. காலி நேரத்துக்கு விலை வந்ததும் நிறுவனங்கள் முதலில் குறிவைத்தது அந்த நேரத்தின் அளவையே என்பது, பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது.

லண்டன் அனுபவமும் இதையே சொல்கிறது. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பளித்தது. செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்ற கீழ்த் தீர்ப்பாயத்தின் முடிவை அது உறுதி செய்தது. அடுத்த மாதமே நிறுவனம் குறைந்தபட்சக் கூலி, விடுப்பு ஊதியம், ஓய்வூதியம் மூன்றையும் அறிவித்தது. ஆனால் கூலிக் கணக்கைச் சவாரியை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்துதான் தொடங்கியது. இத்தனை ஆண்டு வழக்குக்குப் பிறகும் காத்திருப்பு வெளியிலேயே நின்றது. ‘தொழிலாளி’ என்ற பட்டம் கிடைப்பது முக்கியம்தான். அந்தப் பட்டத்துக்குள் எந்த நேரமெல்லாம் அடங்கும் என்பதை எழுதிவைக்காவிட்டால் பாதி வெற்றி கைநழுவிப் போகும்.

வண்டிகளின் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று சங்கங்களுக்குள்ளேயே பலர் கேட்கிறார்கள். புரிந்துகொள்ளக் கூடிய ஆசைதான். ஆனால் அதே நியூயார்க் இதற்கு எச்சரிக்கையும் தருகிறது. 1937இல் கொண்டுவந்த சட்டத்தால் அங்கே மஞ்சள் டாக்ஸி உரிமங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. உரிமத்தை விற்கவும் வாங்கவும் அனுமதி இருந்தது. பல பத்தாண்டுகளில் அந்த உரிமம் நிலம் போல, தங்கம் போல ஊக வணிகப் பொருளாகி, 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஓட்டுநர்கள் வாழ்நாள் கடன் வாங்கி அதை வாங்கினார்கள். செயலிகள் வந்ததும் விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2021இல் நகர மன்றக் கட்டடத்துக்கு வெளியே வாரக்கணக்கில் முகாமிட்டு, 15 நாள் உண்ணாவிரதம் இருந்த பிறகே நவம்பர் 3 அன்று உடன்பாடு வந்தது. கடனை 1,70,000 டாலருக்குக் குறைக்கவும், மாதத் தவணை 1,122 டாலரைத் தாண்டாமல் பார்க்கவும், அதற்கு நகர நிர்வாகமே உத்தரவாதம் நிற்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த உண்ணாவிரதத்தில் சேர்ந்து அமர்ந்த சட்டமன்ற உறுப்பினர் சோரான் மம்தானி 2025 நவம்பரில் அதே நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எண்ணிக்கை வரம்பு உரிமம் வைத்திருப்பவரைக் காக்கிறது. அதை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரையும், நாளை தொழிலுக்கு வரப்போகும் இளைஞரையும் அது வெளியே நிறுத்துகிறது. காலி நேரத்துக்கு நிறுவனம் பணம் தர வேண்டும் என்றால் தேவைக்கு மேல் ஆள் சேர்ப்பது தானாகக் குறையும். பெர்மிட் வியாபாரத்துக்கும் வழி இராது.

பயணியின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பை மிகவும் மதிக்கிறேன். கட்டணம் ஏறும், ஏற்கெனவே பேருந்தும் மெட்ரோவும் போகாத இடங்களுக்குப் போக வேறு வழியில்லாத நடுத்தர, ஏழைக் குடும்பங்கள்தான் அதைச் சுமக்கும் என்கிறார்கள். சென்னையில் இதோடு இன்னொரு கசப்பும் சேர்ந்துகொள்கிறது. மீட்டர் போட மறுத்த ஆட்டோக்காரர்களுக்காக நாங்கள் ஏன் பரிந்து பேச வேண்டும் என்ற கேள்வி. கர்ப்பிணியோடும் முதியவரோடும் ரயில் நிலைய வாசலில் பேரம் பேசி அவமானப்பட்டவர்களின் கேள்வி அது. அதை அலட்சியம் செய்யும் சங்கம் மக்களின் ஆதரவைப் பெறாது. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். 2013இல் கட்டணம் அறிவித்தபோது பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது, பின்னர் நூறைக் கடந்தது. ஜிபிஎஸ் பொருத்திய மீட்டர்களை அரசே தரும் என்ற அறிவிப்பு நடைமுறையைக் காணவில்லை. கட்டணம் பதினோரு ஆண்டுகளைத் தாண்டியும் அசையாததால், 2025 பிப்ரவரி 1 தொடங்கி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று சங்கங்கள் தாங்களே அறிவித்தன. யாராலும் கடைப்பிடிக்க முடியாத கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் சட்டமாக வைத்திருந்தால், சட்டத்தை மீறுவதே வழக்கமாகிவிடும். அந்த வழக்கத்தின் முதல் பலி பயணிதான். பேரத்தில் ஏமாறுவது எப்போதும் ஊருக்குப் புதியவரும் அவசரத்தில் இருப்பவரும்.

செயலிகள் அந்தப் பேரத்தை ஒழித்தன என்பது பாதி உண்மை. இப்போது பேரம் தொலைபேசியில் நடக்கிறது. எங்கே போகணும், கேஷா ஆன்லைனா, மேலே ஐம்பது ரூபாய் சேர்த்துத் தருவீர்களா என்ற கேள்விகளும், பிடிக்காவிட்டால் ரத்துசெய்வதும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஓட்டுநர் சவாரியை மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தத் திசையில் போனால் திரும்பும்போது காலியாக வர வேண்டும் என்பது. காலி ஓட்டத்தின் செலவைச் செயலி ஏற்காதபோது அவர் அதைப் பயணியிடமே கேட்கிறார், அல்லது பயணியையே தவிர்க்கிறார். மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதல்கள் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கின்றன: காலி ஓட்டத்தை ஈடுசெய்ய அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும் என்கின்றன. உச்ச நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கவும் அவை அனுமதிக்கின்றன. பயணி இரட்டைக் கட்டணம் கொடுக்கத் தயாராக்கப்படுகிறார், ஓட்டுநருக்கோ மூன்று கிலோமீட்டர் மட்டும். என் பார்வையில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. கர்நாடகம் 2024இல் நகர டாக்ஸிகள் அனைத்துக்கும், செயலி வழி ஓடுபவை உட்பட, ஒரே கட்டணத்தை வகுத்தது. மகாராஷ்டிரம் 2025இல் மும்பைப் பகுதிச் செயலிக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 22.72 ரூபாய் என்றது. அது கைக்கு வரவில்லை என்று ஓட்டுநர்கள் போராட வேண்டியிருந்தது. நிர்ணயித்த கட்டணம், ஆண்டுதோறும் எரிபொருள் விலையோடும் காலி ஓட்ட விகிதத்தோடும் சேர்ந்து நகரும் சூத்திரம், மீறினால் உரிமத்தைத் தொடும் தண்டனை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பயணிக்கும் நிம்மதி. கட்டணம் ஓரளவு ஏறத்தான் செய்யும். இத்தனை நாளும் அந்த வித்தியாசத்தை ஓட்டுநரின் தூக்கத்திலிருந்தும் அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்தும் நாம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இவர்கள் சுதந்திரமாக நினைத்தபோது வேலை செய்பவர்கள், சங்கமும் பேச்சுவார்த்தையும் அவர்களுக்கு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. டியூ கட்ட வேண்டிய தேதி நிலையாக இருக்கும்போது, செயலியை அணைத்துவைக்கும் சுதந்திரம் பெரும்பாலோருக்குப் பெயரளவில்தான் இருக்கிறது. விலையைத் தீர்மானிக்க முடியாத, வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க முடியாத, காரணம் சொல்லாமல் ஐடியை முடக்கினால் கேட்க ஆளில்லாத ஒருவரைச் சுயதொழில் முனைவர் என்பது பொருந்தவில்லை. தனித்தனி வணிகர்கள் சேர்ந்து விலை பேசினால் அது கூட்டுச் சதி ஆகிவிடுமே என்ற சட்டச் சிக்கலும் உண்மையில் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2015இல் ஓட்டுநர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை தந்தபோது அதை எதிர்த்து நடந்த வழக்கு இந்த அடிப்படையில்தான். இந்தியாவில், ஒரே நிரலால் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் விலையைத் தீர்மானிப்பது விலைக் கூட்டணி இல்லையா என்ற புகாரைப் போட்டி ஆணையம் நிராகரித்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நிறுவனம் எல்லாருக்கும் சேர்த்து விலை வைக்கலாம் என்றால், அந்த விலையில் வாழ வேண்டியவர்கள் சேர்ந்து பேசுவதைத் தடுக்க நியாயமில்லை. மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2024 நவம்பரிலும் கலிபோர்னியா சட்டமன்றம் 2025இலும் செயலி ஓட்டுநர்களின் கூட்டுப் பேர உரிமையை ஒப்புக்கொண்டன.

நமக்கு இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவைகூட இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிற்சங்கச் சட்டம் என்று எதுவும் நாட்டில் கிடையாது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை ஏற்ற அந்தச் சங்கத்தின் மீது ஆலை நிர்வாகம் நஷ்டஈடு வழக்குப் போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அநீதி எழுப்பிய கொந்தளிப்பில்தான் 1921இல் என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் கோரிக்கை வைத்தார், 1926இல் சட்டம் வந்தது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பைப் பதிவுசெய்ய அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாருக்கு எதிராகச் சங்கம் என்று கேட்டார்கள். தலைச்சுமைப் பெண்களும் தெரு வியாபாரிகளும் பதிவு பெற்றே தீர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் நல வாரியங்களுக்கு நீண்ட மரபு உண்டு. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்கு வாரியம் அமைந்தது, 2023இல் செயலி சார்ந்த தொழிலாளர்களுக்கும் வாரியம் அறிவிக்கப்பட்டது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வாரியம் தரும் உதவி விலைமதிப்பற்றது. இருந்தும், அன்றாடக் கூலி போதாமல் இருக்கும்போது விபத்துக்குப் பின் வரும் உதவியைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் ஓட்டித்தான் டியூ கட்ட முடியும் என்ற நிலையே விபத்துகளுக்கு ஒரு காரணம். கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், 1 முதல் 5 சதவீத நலக் கட்டணத்தோடு, 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்துமூலக் காரணமும் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நலத்திலிருந்து உரிமைக்கு அது ஓர் அடி முன்னே. கூலிக்கான சூத்திரம் அதிலும் இல்லை.

சங்கங்கள் தங்கள் பக்கத்தையும் சீர்செய்ய வேண்டும். கட்சிக்கு ஒரு சங்கமாக, ஆட்டோவுக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பது நிறுவனங்களுக்கு மட்டும் வசதி. சொந்த வண்டிக்காரரின் குறைகளே கோரிக்கைப் பட்டியலை நிரப்புகின்றன. ஷிப்டுக்கு வண்டி எடுத்து ஓட்டும் ஆக்டிங் டிரைவரின் குரல் அதில் கேட்பதில்லை. பைக் டாக்ஸியைத் தடை செய்யச் சொல்வதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வேறு வேலை கிடைக்காத இளைஞர் ஒருவர் கடன் வாங்கிய பைக்கில் அதே வெயிலில் சவாரிக்காக நிற்கிறார். அவருடைய காலி நேரத்துக்கும் நிறுவனம் பணம் தரட்டும் என்று கேட்டால், ஆட்டோவின் வருமானத்தைத் தின்னும் மலிவு விலை அங்கேயும் நிற்காது, எதிராளியாக நிற்பவர் தோழராக உடன் வருவார்.

இதற்கெல்லாம் முதல் தேவை கணக்கு. நியூயார்க்கின் 58 சதவீதம் வானத்திலிருந்து விழவில்லை; ஒவ்வொரு சவாரியின் விவரத்தையும் நிறுவனங்கள் ஆணையத்திடம் ஒப்படைத்தே தீர வேண்டும் என்ற விதியிலிருந்து வந்தது. சென்னையிலும் ஓட்டுநர் செயலிக்குள் வந்த நேரம், சவாரி வந்த நேரம், காலியாக ஓடிய தூரம் எல்லாம் நிறுவனங்களின் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தையும், 93ஆம் பிரிவு செயலி நிறுவனங்களுக்கு உரிமம் தரும் அதிகாரத்தையும் மாநில அரசின் கையில் வைத்திருக்கின்றன. அந்த விவரங்களை மாதந்தோறும் ஒப்படைப்பதை உரிமத்தின் நிபந்தனையாக எழுதவும், கட்டணக் குழுவில் ஓட்டுநர் சங்கங்களுக்கும் பயணிகள் அமைப்புகளுக்கும் இருக்கை தரவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அதுவரை சங்கங்களும் கைகட்டிக் காத்திருக்க வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் எழும்பூரிலும் கோயம்பேட்டிலும் ஓ.எம்.ஆரின் ஐடி வளாகங்களுக்கு வெளியிலும் நிற்கும் ஓட்டுநர்களில் ஆயிரம் பேர் ஒரே ஒரு மாதம் தங்கள் காத்திருப்பையும் காலி ஓட்டத்தையும் குறித்துவைத்தால், சென்னைக்கான விகிதம் என்ன என்பது சங்கத்தின் கையில் இருக்கும். அடுத்த வேலைநிறுத்த அறிவிப்பின் முதல் கோரிக்கையாக அந்த எண்ணை அச்சிடலாம்.